மலைப்பாதையில் ஒரு மால்தா

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



குருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் விடுமுறை நாள், எங்களுக்கு வேலை நாள். எங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு திங்கட்கிழமைதான். அப்படி ஒரு திங்கட்கிழமை, ஐப்பசி மாதத்தில், நண்பர்கள் நாலு பேர் மூணாறுக்குக் கிளம்பினோம். சிறுவயதில் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படித்தவர்கள் நாங்கள். நாலு பேரும் குருவாகப் போவதாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பேர் குருக்களானோம். ஒருவர் பள்ளி ஆசிரியரானார். இன்னொருவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கார் அவருடையது.

மதுரையிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, அங்கிருந்து போடி. சுமார் 90 கிலோமீட்டர் தூரம். பழைய கதைகள் பேசிப் பேசிச் சிரித்ததில் தூரமே தெரியவில்லை. போடியில் டீ குடிக்க இறங்கியபோது இன்னும் சரியாக விடியவில்லை. ஆனால் போடி விழித்திருந்தது.

போடிநாயக்கனூரை ஏலக்காய் நகரம் என்பார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கே நடக்கிறது. பெரிய பெரிய வியாபாரிகள் இருக்கிறார்கள். 1928 இல் வந்த ரயில் பாதை பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2023 ஜூனில்தான் அகலப் பாதையாகி மறுபடியும் ரயில் வந்தது. இதெல்லாம் பகலில் தெரிகிற போடி. விடியற்காலைப் போடி வேறு. தெருமுனைகளில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டைக் கட்டி, சேலைக்கு மேலே ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குச் சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறுவார்கள். மலையேறி, எல்லை தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள். நாள்தோறும் இப்படித்தான். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய், செடியின் அடியில், தரையோடு ஒட்டிக் காய்ப்பது. குனிந்தும் குத்துக்கால் வைத்தும்தான் பறிக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். நாலைந்து கிலோ பச்சைக் காயைக் காயவைத்தால் ஒரு கிலோ தேறும்.

இதெல்லாம் எனக்கு அன்று காலையில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எங்களுக்கு மூணாறு போக வேண்டும், அவ்வளவுதான்.

முந்தல் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலைதான் அது. பெயர்தான் நெடுஞ்சாலை. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்தால் அதுவே நெருக்கடி. பதினான்கு பேர் இருந்தார்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்கள் காரைப் பார்த்தபடியே வந்தார்கள். எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. கடைக்கார நண்பர் பொறுமையாகத்தான் ஓட்டினார். நான்தான், "ஹாரன அடிச்சாத்தான் ஒதுங்குவாங்க, அடி" என்றேன். விடாமல் அடித்தார். ஒரு வளைவின் அகலமான இடத்தில் ஜீப் ஒதுங்கியது. நாங்கள் சீறிக்கொண்டு முன்னால் போனோம். அந்தக் கணத்தில் நான் ஒரு வார்த்தையும் சொன்னேன். ஆட்டை அடைக்கிற மாதிரி ஆட்களை அடைத்துக்கொண்டு இவர்கள் ரோட்டையும் அடைக்கிறார்கள் என்கிற பொருளில் ஏதோ சொன்னேன். நண்பர்கள் சிரித்தார்கள். பீடத்தில் நின்று ஆடுகளைப் பற்றியும் ஆயனைப் பற்றியும் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்!

பதினோராவது வளைவு தாண்டியதும் கார் ஒரு மாதிரி வாடை அடித்தது. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மலை முழுக்க மூடுபனி. பனிக்கும் ஆவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. வண்டியை ஓரங்கட்டி, நான் இறங்கி இரண்டு கல்லைத் தூக்கி வந்து பின் டயருக்கு முட்டுக் கொடுத்தேன். பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் கிழிந்து, தண்ணீரெல்லாம் வெந்நீராய் ஒழுகிக்கொண்டிருந்தது. கிளம்பும் முன்பு ரேடியேட்டரைப் பார்த்தாயா என்று கேட்டோம். நண்பர் பதில் சொல்லவில்லை. முன் கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படம் இருந்தது. மாதா மேல் பாரத்தைப் போட்டவர், குழாய்க்கு எத்தனை வயது என்று பார்க்கவில்லை.

செல்போனில் சிக்னல் வரவில்லை. சாரல் வேறு. சுற்றுலா வண்டிகள் ஒவ்வொன்றாய் எங்களைத் தாண்டிப் போயின. வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, பிறகு வேகமெடுத்துப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று அப்போது யோசிக்கவில்லை.

கால் மணி நேரத்துக்குப் பிறகு கீழேயிருந்து ஒரு ஜீப் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. எந்த ஜீப் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அது நின்றது.

அதே நேரத்தில் எங்கள் ஆசிரியர் நண்பர் கைத்துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். ஜீப் ஓட்டுநர் இறங்குவதற்கு முன்பே கத்தினார்: "சார், கைய எடுங்க! தொறந்தா மூஞ்சி வெந்துரும்!" ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. வந்து பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறட்டும். அரை மணி நேரம் ஆவும். சுடச்சுடத் தண்ணி ஊத்துனா இன்ஜின் வெடிச்சுப் போயிரும்" என்றார். பிறகு பெண்களைப் பார்த்து, "எறங்கி நில்லுங்கத்தா, நேரமாகும்" என்றார்.

அவர்கள் மகிழ்ச்சியாக இறங்கவில்லை. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு இளம்பெண், "இவுங்கதானண்ணே ஹாரன் அடிச்சிக்கிட்டுப் போனது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார். ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஹாரன் அடிக்கிறவன் வண்டிதான் சீக்கிரம் சூடாகும்" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். எங்களாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "எட்டு மணி தாண்டுனா கங்காணி ஏத்த மாட்டாரு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு ஓட்டுநர், "மலையில நிக்கிறவன விட்டுட்டுப் போறதா? நாளைக்கு நாம நிப்போம்" என்றார். நான் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டேன். ஆனால் கேட்கவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு வயதான அம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, மூடியில் கடுங்காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார். "நடுங்குறியேய்யா, குடி" என்றார். நான் அன்று அங்கி அணியவில்லை. சட்டையும் பேண்ட்டும்தான். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

இயேசுவில் அன்புக்குரியவர்களே, அந்த மூடியைக் கையில் வாங்கியபோது எனக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரம் நினைவுக்கு வந்தது. பவுல் அடிகளாரைக் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய கி.பி. 60. தானியம் ஏற்றிய அலெக்சாந்திரியக் கப்பல். அதில் 276 பேர். புயலில் பதினான்கு இரவுகள் அலைந்து, கடைசியில் கப்பல் உடைந்து, நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அது மால்தா. மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது. தீவு மக்கள் முதலில் செய்த காரியம் என்ன? நீங்கள் யார், கைதிகளா, வியாபாரிகளா என்று விசாரிக்கவில்லை. தீ மூட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

அந்த மக்களைக் குறிக்க லூக்கா கிரேக்க மொழியில் எழுதுகிற சொல், தங்கள் மொழி பேசாத, நாகரிகம் குறைந்தவர்கள் என்று கிரேக்கர்கள் மற்றவர்களைச் சுட்டப் பயன்படுத்திய சொல். படித்தவர்களும் படைத்தலைவனும் கப்பல் முதலாளியும் இருந்த அந்தக் கூட்டத்துக்குத் தீ மூட்டிக் கொடுத்தவர்கள், அப்படி அழைக்கப்பட்டவர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பவுல் சும்மா உட்கார்ந்து குளிர் காயவில்லை. அவரும் போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து தீயில் போடுகிறார். அந்தச் சுள்ளிக் கட்டிலிருந்துதான் பாம்பு வந்து அவர் கையைப் பற்றுகிறது. நாம் பாம்புக் கதையை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பிறர் மூட்டிய தீக்கு அந்த மனிதர் தன் பங்குக்குச் சுள்ளி பொறுக்கினார் என்பதை மறந்துவிடுகிறோம். நான் அன்று ஒரு சுள்ளியும் பொறுக்கவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. முந்தலில் பிரிகிற சாலை குரங்கணிக்குப் போகிறது. 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்கு வந்தவர்கள் அங்கே காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டது நாடே அறிந்த துயரம். மறுநாள் ஹெலிகாப்டர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, இருட்டில் மலையேறி, காயப்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கியவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

சரி, காருக்கு வருவோம். இன்ஜின் ஆறியது. ஓட்டுநர் கத்தியை எடுத்துக் குழாயின் கிழிந்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டினார். பழைய கிளிப்பு துருப்பிடித்து உடைந்துவிட்டது. தன் ஜீப்பில் இருந்த டப்பாவைத் துழாவி வேறொரு கிளிப்பை எடுத்து முறுக்கினார். அதற்கு மேல் சைக்கிள் டியூப் துண்டை இறுக்கமாகச் சுற்றிக் கட்டினார். "தண்ணி?" என்றார். எங்கள் காரில் அரை பாட்டில் மினரல் வாட்டர்தான் இருந்தது. பக்கத்தில் ஊற்றும் இல்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து தங்கள் பாட்டில்களை நீட்டினார்கள். அன்று முழுவதும் தோட்டத்தில் குடிப்பதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். ஹாரனைப் பற்றிக் கேட்ட அந்த இளம்பெண்ணும் கொடுத்தார். கொஞ்சம் முறைப்புடன்தான் கொடுத்தார், ஆனால் முழு பாட்டிலையும் கொடுத்தார்.

வண்டி உயிர் பெற்றது. நண்பர் கியர் போட்டு நகர்த்தினார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். "சார், கல்லு!" என்று பின்னாலிருந்து சத்தம். டயருக்கு முட்டுக் கொடுத்த இரண்டு கல்லும் ரோட்டில் அப்படியே கிடந்தன. "எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க. பனிமூட்டத்துல பைக்கில வர்றவன் தூக்கி எறிஞ்சிருவான்." நான் இறங்கி, இரண்டு கல்லையும் தூக்கிக்கொண்டு போய் மலைச்சுவர் ஓரத்தில் போட்டேன். எனக்கு இறையியல் கற்றுக்கொடுத்த பேராசிரியர்கள் பலர். அன்றைக்கு அவர்கள் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மெட்டு வரைக்கும் மெதுவாப் போங்க. அதுக்கு மேல இந்தக் குழாய நம்பாதீங்க, மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. இந்தத் தடவை நாங்கள் ஒதுங்கினோம்.

போடிமெட்டில் ஒரு சிறிய பட்டறை. மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, புதுக் குழாய் போடியிலிருந்துதான் வரவேண்டும், பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்கிறேன், மதியமாகும் என்றார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மூணாறுக்கு இனி போக முடியாது என்பது நாலு பேருக்கும் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்பதரை மணி இருக்கும். பூப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்து டீக்கடை முன்னால் நின்றது. அதே ஜீப். அதே பெண்கள். வேலைக்குப் போனவர்கள் ஏன் இந்நேரம் திரும்புகிறார்கள்? அப்போதுதான் காலையில் காதில் விழுந்த வாக்கியம் எனக்கு உண்மையாகவே கேட்டது. எட்டு மணிக்கு மேல் போனதால் அவர்கள் எடுக்க வேண்டிய நிரைகளை வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்கு நேரத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று பெண்களுக்கு அன்றைய கூலி போயிற்று.

என் மனதில் முதலில் எழுந்த எண்ணத்தை உங்களிடம் அறிக்கையிடுகிறேன். அவர்கள் எங்களைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் நண்பர் தாழ்ந்த குரலில், "நாம நிக்கச் சொல்லலையே, அவராத்தான நின்னாரு" என்றார். அது உண்மைதான். வாதத்தில் ஒரு குறையும் இல்லை. காயப்பட்டுக் கிடந்தவனைத் தாண்டிப்போன அந்தக் குருவிடமும் லேவியரிடமும் இப்படி ஏதாவது ஒரு குறையில்லாத வாதம் இருந்திருக்கும்.

2007 ஜூன் மாதம் வத்திக்கானில், புலம்பெயர்வோருக்கும் பயணிகளுக்குமான மேய்ப்புப்பணித் திருப்பீட அவை, சாலைப் பயணம் பற்றி ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. அதில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் இருக்கின்றன. முதல் கட்டளை மோசேயிடம் கொடுத்ததுதான், கொலை செய்யாதே என்பது. நான்காவது, சாலையில் தவிப்பவருக்கு உதவச் சொல்கிறது. ஐந்தாவதுதான் என்னைக் குத்தியது: கார் என்பது உன் அதிகாரத்தைக் காட்டுகிற கருவி ஆகக் கூடாது என்று அது சொல்கிறது. இந்த ஏட்டை நான் படித்திருக்கிறேன். பங்கில் வாகனங்களை மந்திரிக்கும்போது இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்திலும் நல்ல சமாரியர் இருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் 134 ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போடக் கூடாது என்பது அதன் சாரம். அப்படி உதவுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கிற பெயரே இயேசுவின் உவமையிலிருந்து எடுத்ததுதான். நல்ல சட்டம். ஆனால் ரேடியேட்டர் வெந்துபோய் நின்ற காருக்காக ஒரு பெண் இழந்த கூலியை எந்தச் சட்டமும் பார்த்துக்கொள்ளாது.

கடைக்கார நண்பர் எழுந்து போனார். அவருக்கு எங்களைப் போல யோசிக்கத் தெரியாது. நேராக அந்த வயதான அம்மாவிடம் போய், பர்ஸை எடுத்து, "அம்மா, எங்களாலதான் உங்களுக்கு இந்த நட்டம்" என்று பணத்தை நீட்டினார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "தண்ணிக்குக் காசு வாங்குவமா? உள்ள வையி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது அந்த இளம்பெண் பேசினார். "தண்ணிக்கு வேணாம் பெரியம்மா. கூலிக்கு வாங்கலாம்ல? இன்னைக்கி வட்டிக்காரன் வருவான், அவங்கிட்ட என்னத்தச் சொல்றது?"

யாரும் ஒன்றும் பேசவில்லை. டீக்கடையில் பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது.

நேயர்களே, நல்ல சமாரியர் உவமையில் நாம் எல்லோரும் எண்ணெயையும் திராட்சை மதுவையும் பற்றிப் பேசுவோம். இரண்டு தெனாரியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. லூக்கா கணக்குச் சொல்கிறார். சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் என்றால் எவ்வளவு? மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்ட வேலையாள்களுக்கு ஒரு நாளைக்குப் பேசிய கூலி ஒரு தெனாரியம். ஆக, சமாரியர் கொடுத்தது இரண்டு நாள் கூலி. இன்னும் அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்புக்கு விலை இல்லை என்று நாம் அழகாகச் சொல்லிவிடுகிறோம். விலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் செலவு இருக்கிறது. அந்தச் செலவு யாராவது ஒருவர் மடியிலிருந்து போகிறது. பெரும்பாலும் யாருடைய மடியில் குறைவாக இருக்கிறதோ அவர் மடியிலிருந்துதான் போகிறது.

இன்னொரு ஆளையும் பாருங்கள். அந்தச் சத்திரக்காரர். அவர் காசை வாங்கிக்கொண்டார். ஐயோ, இதற்குப் போய்க் காசா என்று அவர் சொன்னதாக உவமையில் இல்லை. வாங்கினார் என்பதற்காக இயேசு அவரைக் குறை சொல்லவும் இல்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. உதவி செய்கிற ஏழை எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் அவர் செய்த புண்ணியம் போய்விடும் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது நமக்கு மிகவும் வசதியான எண்ணம். பங்கில் கோயிலைக் கூட்டுகிறவர், கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர், அசன விருந்துக்கு விடிய விடிய வெங்காயம் உரிக்கிற பெண்கள் என்று எத்தனை பேரிடம் இதே எண்ணத்தை வைத்து நாம் மிச்சம் பிடித்திருக்கிறோம்!

அந்த இளம்பெண் சொன்னது நியாயம். தண்ணீர் வேறு, கூலி வேறு. தண்ணீருக்கு விலை பேசினால் அது அவர்களை அவமதிப்பது. கூலியைக் கொடுக்காமல் போனால் அது அவர்களை ஏய்ப்பது.

அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்டோம். பதின்மூன்று பேருக்குக் கணக்குப் போட்டால் எங்கள் நாலு பேர் பையிலும் இருந்த ரொக்கம் போதவில்லை. இப்போதெல்லாம் யார் ரொக்கம் வைத்துக்கொள்கிறார்கள்? டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிக்னல் வருகிற இடத்தைத் தேடிப் போய் ஆசிரியர் நண்பர்தான் அவருக்குப் போனில் பணம் அனுப்பினார். ஆம், நாம நிக்கச் சொல்லலையே என்ற அதே நண்பர். தன் பங்குக்கு மேலேயே போட்டார். காரணம் கேட்டதற்கு, "சும்மா இருடா" என்றார்.

பன்னிரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். அந்த வயதான அம்மா கடைசிவரை வாங்கவில்லை. இளம்பெண் அவருடைய பங்கையும் வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "வீட்டுக்குப் போயிக் குடுத்துக்கிறேன், இங்க குடுத்தா வாங்காது" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்பக் கணக்குச் சரியாப் போச்சு. நாங்க டீ வாங்கித் தர்றோம், குடிங்க" என்றார். குடித்தோம். அதற்குள் என் நண்பர் ஒருவர் வாய் தவறி என்னைச் "சாமி" என்று கூப்பிட, நான் குருவானவர் என்பது தெரிந்துவிட்டது. அவர்களில் இரண்டு மூன்று பேர் கோயிலுக்கு வருகிறவர்கள். சட்டென்று எழுந்து நின்று தோத்திரம் சொன்னார்கள். அந்த இளம்பெண் மட்டும் உட்கார்ந்தபடியே, "சாமியாரா ஹாரன் அடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். "சரி விடுங்க" என்றார். ஒப்புரவு அருட்சாதனத்தை நான் கொடுத்தும் இருக்கிறேன், பெற்றும் இருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக முடிந்தது இல்லை.

ஜீப் ஓட்டுநர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. டீசலுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைக்கார நண்பரிடம், "நீங்க ஹார்டுவேர் கடைதான வச்சிருக்கிறதாச் சொன்னீங்க? நாலஞ்சு கிளிப்பு குடுத்து விடுங்கண்ணே. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான், ஒங்க வண்டிக்கு மாட்டியாச்சு. மலையில எவனாச்சும் நின்னா வேணும்ல" என்றார்.

மதியம் புதுக் குழாய் வந்தது. மாட்டிக்கொண்டு இறங்கினோம். மூணாறை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடைக்கார நண்பர் ஒரு சின்னப் பொட்டலத்தைப் போடி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறார். வேறு வேறு அளவுகளில் கிளிப்புகள், கொஞ்சம் ரப்பர் குழாய், சைக்கிள் டியூப். நான் ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கணக்கு நோட்டில் இதை என்ன பெயரில் எழுதுகிறாய் என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

'மூணாறு செலவு' என்று எழுதியிருந்தது.